கட்டிங் போர்டு வாங்கப் போறீங்களா? மரமா பிளாஸ்டிக்கா, எந்த சைஸ், எப்படி வச்சுக்கணும், எல்லாம் விவரமா

போன ஐப்பசி மழையில எங்க வீட்டு மூங்கில் போர்டு நடுவுல பிரிஞ்சுடுச்சு. வாங்கி ஒன்றரை வருஷம் தான் ஆகியிருந்துச்சு, பார்க்க பளபளன்னு தான் இருந்துச்சு, ஆனா ஒட்டியிருந்த ரெண்டு பட்டை விலகி அந்த இடுக்குல கறுப்பா பூஞ்சை பிடிச்சிருந்தது. வெங்காயம் நறுக்கும்போது தான் கவனிச்சேன், முந்தின நாள் வரைக்கும் பொண்ணுக்கு அதுல தான் ஆப்பிள் வெட்டிக் குடுத்தேன்னு நினைச்சதும் வயித்தைக் கலக்கிடுச்சு. அடுத்து ஒண்ணு வாங்கணும்னா இந்த தடவை ஒழுங்கா தெரிஞ்சுக்கிட்டு தான் வாங்கணும்னு உட்கார்ந்து படிச்சேன், கடை கடையா தூக்கிப் பார்த்தேன், மரவேலை பண்ற சொந்தக்காரர் ஒருத்தர்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன். அதைத் தான் இங்க எழுதுறேன்.

இதுல நமக்கு ஒரு சிக்கல் இருக்கு. கட்டிங் போர்டு பத்தி அம்மாகிட்டயோ பாட்டிகிட்டயோ கேட்க முடியாது. அவங்க அருவாமனையில வேலை பார்த்தவங்க. அருவாமனையில காயை கையில பிடிச்சு வெட்டுவாங்க, துண்டு நேரா தண்ணி இருக்கிற பாத்திரத்துல விழும், நடுவுல காய் படுற பலகைன்னு ஒண்ணே கிடையாது. மீனுக்கு சாம்பலைத் தொட்டுக்கிட்டு ஆய்வாங்க, முடிஞ்சதும் மனையைக் கழுவி சாய்ச்சு வச்சா வேலை முடிஞ்சுது. நாம நின்னுக்கிட்டு சமைக்க ஆரம்பிச்சு, மேடை வந்து, கத்தி வந்த பிறகு தான் இந்தப் பலகை நம்ம வீட்டுக்குள்ள வந்துச்சு. அதனால இதை எப்படி கழுவணும் எப்போ தூக்கிப் போடணும்ங்கிற பழக்கம் வீட்டுல யாருக்கும் கைவரலை, கடையில என்ன கிடைக்குதோ அதை வாங்கி உடையுற வரைக்கும் வச்சிருக்கோம்.

முதல்ல: உங்க வீட்டுல என்ன வெட்டுறீங்க?

பொருளைப் பார்க்கறதுக்கு முன்னாடி இதை முடிவு பண்ணிடுங்க. சைவம் மட்டும்னா ஒரு நல்ல போர்டு போதும், பழத்துக்குன்னு சின்னதா ஒண்ணு இருந்தா வசதி, ஏன்னா பூண்டு நறுக்குன பலகையில மாம்பழம் வெட்டினா வாடை கண்டிப்பா ஏறும். கறி, மீன், கோழி வீட்டுல வெட்டுவீங்கன்னா ரெண்டு போர்டு கட்டாயம். இதுல சமரசமே வேண்டாம். பச்சைக் கோழியில சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் மாதிரி கிருமி இருக்கலாம், கோழி அடுப்புல வெந்தா அது செத்துடும், ஆனா அதே பலகையில அடுத்து வெள்ளரிக்காய் நறுக்கி தயிர் பச்சடில போட்டா அது வேகவே போறதில்ல, நேரா வாய்க்குத் தான் போகுது. வீட்டுல குழந்தை, கர்ப்பிணி, வயசானவங்க இருந்தா இன்னும் ஜாக்கிரதை.

ஹோட்டல் கிச்சன்ல கலர் கலரா போர்டு வச்சிருக்கிறது இதுக்குத் தான். சிவப்பு பச்சைக் கறிக்கு, நீலம் மீனுக்கு, பச்சை காய்கறி பழத்துக்கு. வீட்டுக்கு அத்தனை கலர் வேண்டாம், காய்க்கு மரம், கறிக்கு பிளாஸ்டிக்னு வச்சாலே பார்த்ததும் எது எதுக்குன்னு தெரியும், வேலைக்கு வர்ற அக்காவுக்கும் குழப்பம் வராது. நான் அப்படித்தான் வச்சிருக்கேன்.

ரெண்டாவது: எந்தப் பொருள்?

முதல்ல வேண்டாததைத் தள்ளிடலாம். கண்ணாடி, கிரானைட், மார்பிள், இது எதுவும் வேண்டாம். கிருமி தங்காது, கழுவ சுலபம், அதெல்லாம் உண்மை தான், ஆனா அது கொஞ்சம்கூட விட்டுக் குடுக்காது, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தி முனை மடங்கும். ஒரு மாசத்துல கத்தி மொக்கையாகிடும், மொக்கைக் கத்தியை அழுத்தி வெட்டும்போது அது வழுக்கி விரலைப் பதம் பார்க்கும். இப்போ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போர்டு, டைட்டானியம் போர்டுன்னு நிறைய விளம்பரம் வருது, அதுக்கும் இதே பதில் தான், உலோகத்து மேல உலோகம். மாவு பிசைய, சப்பாத்தி தேய்க்க ஸ்டீல் பலகை ரொம்ப நல்லா இருக்கும், வெட்டுறதுக்கு வேண்டாம்.

மூங்கில். விலை கம்மி, லேசா இருக்கும், எங்க பார்த்தாலும் கிடைக்கும். மூங்கில் மரம் இல்ல, புல் வகை. அதை மெல்லிசுப் பட்டைகளா சீவி, பசை போட்டு அழுத்தித் தான் பலகை ஆக்குறாங்க, அப்போ ஒரு சின்ன போர்டுல எத்தனை ஒட்டு இருக்கும்னு பாருங்க. ஒவ்வொரு ஒட்டும் தண்ணி நுழைய ஒரு வழி. பசை என்ன ரகம்னு மட்டமான போர்டுல போட்டிருக்கவும் மாட்டாங்க, ஃபார்மால்டிஹைட்ங்கிற, உடம்புக்கு ஆகாத ரசாயனம் கலந்த பசையும் இந்தத் தொழில்ல சாதாரணம். மூங்கில்ல சிலிக்கா, அதாவது மணல்ல இருக்கிற பொருள், இருக்கறதால கத்தியும் சீக்கிரம் மழுங்கும். நல்லா காய வச்சு கவனமா வச்சிருந்தா மூங்கிலும் சில வருஷம் வரும், கெட்ட பொருள்னு சொல்ல மாட்டேன், ஆனா நம்ம ஊர் மழைக்காலத்துக்கும், நாலு வேளையும் ஈரமா இருக்கிற நம்ம மேடைக்கும் அது ஒத்து வரலைங்கிறது என் அனுபவம்.

இப்போ பிளாஸ்டிக். இதுல ரெண்டு ரகம் தான் பெரும்பாலும், பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன். கெட்டியான பாலிஎத்திலீனை ஹெச்டிபிஇன்னு போட்டிருப்பாங்க, கசாப்புக் கடை, ஹோட்டல் எல்லாத்துலயும் இருக்கிற அந்த வெள்ளைப் பலகை இது தான். அரை இன்ச்சுக்குக் குறையாத கனத்துல வாங்குங்க, மெல்லிசா வளையுற ஷீட் மாதிரி இருக்கிறது வேண்டாம். புதுசா இருக்கும்போது பிளாஸ்டிக்கை கழுவறது ரொம்ப சுலபம். பிரச்சனை கத்திக் கோடு விழுந்த பிறகு தான்.

இங்க ஒரு ஆராய்ச்சியைச் சொல்லியாகணும். டீன் கிளிவர்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி, 90களோட ஆரம்பத்துல விஸ்கான்சின் யுனிவர்சிட்டியில இருந்தார், பிறகு கலிஃபோர்னியா டேவிஸுக்குப் போனார். மரப்பலகையை பிளாஸ்டிக் அளவுக்கு சுத்தமாக்க என்ன வழின்னு கண்டுபிடிக்கத் தான் அவரும் அவர்கூட இருந்தவங்களும் ஆரம்பிச்சாங்க. முடிவு தலைகீழா வந்துச்சு. மரத்து மேல விட்ட பாக்டீரியா ஈரத்தோட சேர்ந்து உள்ள இறங்கிடுச்சு, உள்ள போனது பெருகலை, மெல்ல மெல்ல செத்துச்சு. புது பிளாஸ்டிக்கை சுத்தம் பண்ண முடிஞ்சுது, ஆனா கத்திக் கீறல் விழுந்த பிளாஸ்டிக்ல, அதுவும் கோழிக் கொழுப்பு படிஞ்சிருந்தா, கையால தேய்ச்சு கிருமியைப் போக்கவே முடியலை. 1994ல அவங்க கட்டுரை வெளிவந்துச்சு. அதுக்காக மரம்னா எதுவும் ஆகாதுன்னு அர்த்தம் இல்ல, மரம் காஞ்சா தான் அந்த வேலையைச் செய்யும், எப்பவும் ஊறிப்போய் இருக்கிற மரத்துல பூஞ்சை தான் வளரும். அமெரிக்க விவசாயத் துறையோட அறிவுரையும் மரம், பிளாஸ்டிக் ரெண்டையும் ஏத்துக்குது, பச்சைக் கறிக்கு தனியா வைங்க, கீறல் ஆழமாகி கழுவ முடியாமப் போச்சுன்னா தூக்கிப் போடுங்கன்னு தான் சொல்லுது.

அடுத்து மைக்ரோபிளாஸ்டிக், அதாவது ரொம்பப் பொடிசான பிளாஸ்டிக் துகள். 2023ல நார்த் டகோட்டா ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆட்கள் ஒரு கணக்கு போட்டாங்க, பாலிஎத்திலீன் போர்டுல வெட்டுற ஒருத்தருக்கு வருஷத்துக்கு 7.4 கிராம்ல இருந்து 50.7 கிராம் வரைக்கும் துகள் வெளிவரலாம், பாலிப்ரொப்பிலீன்ல 49.5 கிராம்னு. யார் எப்படி வெட்டுறாங்க, எவ்ளோ அழுத்துறாங்க, எல்லாத்தையும் பொறுத்து இது மாறும். அந்தத் துகளை எலியோட செல் மேல போட்டுப் பார்த்ததுல பெருசா பாதிப்பு தெரியலைன்னும் அதே கட்டுரையில இருக்கு. பயந்து சாக வேண்டாம், ஆனா தினமும் நாலு தடவை காய் வெட்டுற வீட்டுல காய்க்கு மரத்தை வச்சுக்கிட்டு, பிளாஸ்டிக்கை வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு நாள் கறிக்கு மட்டும் எடுத்தா அந்தக் கணக்கு தானாவே குறைஞ்சுடுதுல்ல?

எந்த மரம்?

கறிக்கடைக்குப் போனா முதல்ல அந்தக் கட்டையைப் பாருங்க. பெரும்பாலும் புளியமரம். அடிமரத்தை வட்டமா அறுத்து நிறுத்தி வச்சிருப்பாங்க, அதனால மரத்தோட நார் கீழிருந்து மேல நிக்கும். கத்தி விழும்போது நார் அறுபடாம ரெண்டு பக்கமும் விலகி இடம் குடுக்குது, கத்தியை எடுத்ததும் கொஞ்சம் மூடிக்குது. அதனால தான் நாள் முழுக்க அரிவாளால போட்டாலும் வருஷக்கணக்கா தாங்குது. வெளிநாட்டுல அதிக விலைக்கு விக்கிற எண்ட் கிரெய்ன் போர்டுங்கிறது இதே சங்கதி தான், மேல பார்த்தா சின்னச் சின்னக் கட்டமா, சதுரங்கப் பலகை மாதிரி இருக்கும். விலை ஜாஸ்தி, கனம் ஜாஸ்தி, ஒட்டும் ஜாஸ்தி, தண்ணியையும் வேகமா உறிஞ்சும், அதனால எண்ணெய் அதிகமா கேட்கும். வீட்டுக்கு எட்ஜ் கிரெய்ன் போதும், அதாவது நீளமான ரீப்பர்களைப் பக்கவாட்டுல நிறுத்தி ஒட்டினது. ஒரே அகலப் பலகையா இருக்கிறது பார்க்க அழகு, ஆனா மழை வெயில் மாறும்போது அது தான் முதல்ல வளையும்.

மரம் ரொம்ப மிருதுவாவும் இருக்கக் கூடாது, ரொம்பக் கெட்டியாவும் இருக்கக் கூடாது. மரத்தோட கெட்டியை ஜங்கான்னு ஒரு அளவுல சொல்வாங்க, 11.28 மில்லிமீட்டர் ஸ்டீல் உருண்டையை மரத்துல பாதி வரைக்கும் அழுத்த எவ்ளோ விசை வேணும்ங்கிறது தான் அது. அமெரிக்காவுல போர்டுக்குப் பேர் போன ஹார்ட் மேப்பிள் 1450 பவுண்டு விசை, வால்நட் 1010, நம்ம தேக்கு ஆயிரத்து சொச்சம். இந்த ரேஞ்ச் தான் கத்திக்கும் நல்லது பலகைக்கும் நல்லது.

தேக்குல இயற்கையாவே எண்ணெய்ப் பசை இருக்கு, தண்ணிக்கு அவ்ளோ சீக்கிரம் அசையாது, கப்பலுக்கும் படகுக்கும் போட்ட மரம் சும்மாவா. அதுலயும் சிலிக்கா கொஞ்சம் உண்டு, கத்தியைக் கொஞ்சம் அடிக்கடி தீட்ட வேண்டி வரும், எனக்கு அது பரவாயில்லைன்னு தோணுச்சு, தேக்கு தான் வாங்கினேன். வேப்பமரமும் நல்லா உழைக்கும், ஆரம்பத்துல ஒரு கசப்பு வாடை இருக்கும், நாளாக நாளாகப் போயிடும், ஆனா வேம்புன்னாலே கிருமி ஒட்டாதுன்னு லேபிள்ல எழுதியிருக்கிறதை நம்பி கழுவாம மட்டும் விட்டுடாதீங்க. சீஷம், அக்கேசியா ரெண்டும் ஓகே. மாமரம் விலை கம்மி, ஆனா ஈரத்துல சீக்கிரம் கறுக்கும், நல்லா காய வைக்கிற ஆளுன்னா வாங்கலாம்.

தெரிஞ்ச ஆசாரிகிட்ட செஞ்சு வாங்குறதா இருந்தா ரெண்டு விஷயம். பழைய வீட்டு கதவு, ஜன்னல் மரத்துல வேண்டாம், அதுல பழைய பெயிண்ட்டோட ஈயமோ கரையான் மருந்தோ ஏறியிருக்கலாம், மேல இழைச்சாலும் உள்ள இறங்கினது போகாது. அதே மாதிரி என்ன மரம்னு தெரியாத துண்டுல செய்யாதீங்க, எட்டி மரம் மாதிரி விஷ மரமும் நம்ம ஊர்ல தான் வளருது. பிளைவுட், எம்டிஎஃப் (மரத்தூளைப் பசை போட்டு அழுத்தின பலகை) பத்தி பேச்சே வேண்டாம். ஒட்டுறதுக்கு தண்ணி தாங்குற, உணவுப் பொருள் பட்டாலும் பாதகமில்லாத பசை வேணும்னு சொல்லிடுங்க.

மூணாவது: சைஸ்

இதுல தான் நிறைய பேர் தப்பு பண்றாங்க, நானும் முன்னாடி சின்னதா தான் வாங்கியிருந்தேன். சின்ன போர்டுல நாலு வெங்காயம் நறுக்கறதுக்குள்ள இடம் நிறைஞ்சு, துண்டெல்லாம் மேடைக்கு ஓடி, கத்தி போர்டோட ஓரத்துல இருந்து வழுக்கும். உங்க கத்தி எவ்ளோ நீளமோ அதை விட ஒரு ரெண்டு மூணு இன்ச்சாவது போர்டு நீளமா இருக்கணும். 15க்கு 10 இன்ச் பெரும்பாலான வீட்டுக்கு சரியா வரும். ஆனா வாங்கறதுக்கு முன்னாடி உங்க சிங்க்கை டேப் வச்சு அளந்துட்டுப் போங்க, சிங்க்ல படுக்கவோ சாயவோ இடமில்லாத போர்டை யாரும் ஒழுங்கா கழுவ மாட்டோம், அது தான் நிஜம்.

கனம், மரத்துக்கு முக்கால்ல இருந்து ஒரு இன்ச். 15க்கு 10ல ஒரு இன்ச் தேக்குன்னா ஒன்றரை கிலோவுக்கு மேல வரும், தினமும் ஒரு கையில தூக்கிக் கழுவ முடியுமான்னு கடையிலயே தூக்கிப் பாருங்க, மணிக்கட்டு வலி இருக்கிறவங்க, வயசான அம்மா அப்பா சமைக்கிற வீடுன்னா முக்கால் இன்ச் போதும். எலும்பு வெட்டுறதுக்கு இந்த போர்டு எதுவும் ஆகாது, எலும்பைக் கடையிலயே வெட்டி வாங்கிக்கோங்க. தேங்காயையும் இது மேல உடைக்காதீங்க.

அடியில ரப்பர் கால் வச்ச போர்டு வரும், வழுக்காது, ஆனா ஒரு பக்கம் மட்டும் தான் உபயோகம். நான் கால் இல்லாதது வாங்கி அடியில ஈரத்துணியைப் பிழிஞ்சு விரிச்சுக்கிறேன், அசையவே அசையாது, ரெண்டு பக்கமும் திருப்பிப் போட்டுக்கலாம். வேலை முடிஞ்சதும் துணியை எடுத்துடணும், அது மட்டும் ஞாபகம்.

நாலாவது: கடையில நின்னு என்ன பார்க்கணும்

சமமான மேஜை மேல வச்சு நாலு மூலையையும் ஒவ்வொண்ணா அழுத்துங்க, ஆடுச்சுன்னா ஏற்கனவே வளைஞ்சிருக்கு. ஒட்டு மேல நகத்தை ஓட்டிப் பாருங்க, நகம் மாட்டக் கூடாது. மூக்குகிட்ட வச்சு மோந்து பாருங்க, மர வாசனை வரணும், பெயிண்ட் நெடியோ கெமிக்கல் நெடியோ வந்தா வச்சுடுங்க. கண்ணாடி மாதிரி மினுங்குதுன்னா அது வார்னிஷ் பூச்சு, பத்து நாள்ல கத்தி பட்டு அது உரிஞ்சு சாம்பாருக்குள்ள போகும், மங்கலா இருக்கிறது தான் வேணும். எண்ட் கிரெய்ன்னு சொல்லி விக்கிறதுல பக்கவாட்டைப் பாருங்க, மேல தெரியுற கட்டம் பக்கத்துலயும் ஒழுங்கா இறங்கணும், இல்லன்னா மேல மட்டும் ஒட்டின மெல்லிசு.

ஆன்லைன்ல வாங்கினா விவரத்துல மரத்தோட பேர் இருக்கான்னு தேடுங்க. வெறும் 'வுடன்'னு மட்டும் இருந்தா நான் வாங்க மாட்டேன்.

அஞ்சாவது: வந்ததும் எண்ணெய்

மர போர்டை வாங்கின அன்னைக்கே உபயோகிக்காதீங்க. துடைச்சு காய வச்சு எண்ணெய் போடணும். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் எதுவும் வேண்டாம், கொஞ்ச நாள்ல சிக்கு வாடை அடிக்க ஆரம்பிச்சு பலகையே பிசுபிசுன்னு ஆகிடும். மெடிக்கல் ஷாப்ல லிக்விட் பாரஃபின் ஐ.பி.ன்னு கேளுங்க, மலச்சிக்கலுக்குக் குடுக்கிறது தான், நிறமும் வாசனையும் கிடையாது, கெட்டும் போகாது. பேபி ஆயிலும் அதே அடிப்படை தான்னாலும் அதுல செண்ட் கலந்திருக்கும், அதனால வேண்டாம்.

நிறைய ஊத்தி, துணியால மேல, கீழ, நாலு ஓரம் எல்லாத்துலயும் தேய்ச்சு, ராத்திரி முழுக்க நிறுத்தி வச்சு, காலையில மிச்சத்தைத் துடைங்க. ஒரு பக்கம் மட்டும் போட்டா ஒரு பக்கம் ஈரம் குடிச்சு இன்னொரு பக்கம் குடிக்காம போர்டு வளையும். முதல் வாரம் இதை ஒரு நாலஞ்சு தடவை பண்ணுங்க, பிறகு மாசம் ஒரு தடவை போதும். போர்டுல ஒரு சொட்டு தண்ணி விட்டா உருண்டு நிக்கணும், பரவி உள்ள இறங்கிச்சுன்னா எண்ணெய் கேட்குதுன்னு அர்த்தம். வாழைக்காய், வாழைப்பூ, பலாக்காய் வெட்டும்போது கையில எண்ணெய் தடவுவோம்ல, அப்போ போர்டுலயும் ஒரு தடவு தடவிட்டா பால் ஒட்டிக் கறை பிடிக்காது, இதுக்கு சமையல் எண்ணெய் போதும், உடனே சோப்பு போட்டுக் கழுவிடப் போறோம்.

ஆறாவது: தினசரி

வெட்டி முடிச்சதும் பாத்திர சோப்பு, ஸ்க்ரப்பர், ரெண்டு பக்கமும் தேய்ச்சுக் கழுவி, துணியால ஒத்தி, நிறுத்தி வைங்க. படுக்க வைக்காதீங்க, சுவரோட ஒட்டியும் சாய்க்காதீங்க, ரெண்டு பக்கமும் காத்துப் படணும். என் பழைய போர்டு போனதுக்குக் காரணமே மேடையில படுத்துக்கிட்டே இருந்தது தான். மர போர்டை சிங்க்ல ஊற வைக்கிறது, டிஷ்வாஷர்ல போடுறது, ரெண்டும் அதைக் கொல்ற வேலை. சூடான குக்கரையும் தோசைக்கல்லையும் இறக்கி வைக்கிற பலகையாவும் ஆக்கிடாதீங்க, மரம் கருகும், பிளாஸ்டிக் இளகி வளைஞ்சுடும்.

கோழி, மீன் வெட்டின பிறகு வெந்நீர்ல ஆரம்பிக்காதீங்க, ரத்தமும் புரதமும் வெந்து ஒட்டிக்கும். முதல்ல பச்சைத் தண்ணி மெதுவா விட்டு அலசி, பிறகு சோப்பு, பிறகு வெந்நீர். அது முடிஞ்சதும் வாசனை இல்லாத குளோரின் ப்ளீச் ஒரு லிட்டர் தண்ணிக்கு 4 மில்லி, ஒரு டீஸ்பூனுக்கும் கம்மி, கலந்து போர்டு மேல பரவலா ஊத்தி சில நிமிஷம் விட்டு நல்லா அலசிடுங்க. ப்ளீச்சோட வினிகர், எலுமிச்சை, டாய்லெட் கிளீனர் எதையும் கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும், மூடின கிச்சன்ல அது உயிருக்கே ஆபத்து.

வாடைக்கு கல் உப்பு தூவி பாதி எலுமிச்சையால தேய்ச்சு கழுவினா போதும், வாடை போகும், கிருமியைக் கொல்ற வேலைக்கு அதை நம்பாதீங்க. வெள்ளை போர்டுல மஞ்சள் கறை எவ்ளோ தேய்ச்சாலும் போகாது, மொட்டை மாடி வெயில்ல ஒண்ணு ரெண்டு நாள் வைங்க, மஞ்சளோட நிறம் வெயிலுக்குத் தாங்காது, தானா வெளுத்துடும். மர போர்டை மட்டும் நேரடி வெயில்ல காய வைக்காதீங்க, விரிசல் விடும், நிழல்ல காத்து தான் அதுக்கு.

எப்போ சரி பண்றது, எப்போ தூக்கிப் போடறது

மர போர்டுல கோடு அதிகமாகி சொரசொரன்னு ஆச்சுன்னா ஹார்டுவேர் கடையில உப்புத்தாள் வாங்குங்க, 80 நம்பர்ல ஆரம்பிச்சு 120, கடைசியா 220. நார் போற திசையில தேய்க்கணும், குறுக்க தேய்ச்சா கீறும். தூளைத் துடைச்சு, லேசா ஈரம் பண்ணி காய விட்டா நார் எழும்பி நிக்கும், மறுபடி 220 ஒரு தடவை, அப்புறம் எண்ணெய். புது போர்டு மாதிரி ஆகிடும். வருஷத்துக்கு ஒரு தடவை பண்ணினா போதும், மரத்துக்கு காசு அதிகமா குடுக்கிறது இதுக்காகத் தான், பிளாஸ்டிக்ல இந்த வழி கிடையாது.

பிளாஸ்டிக் போர்டை நகத்தால குறுக்க தடவிப் பாருங்க, கோட்டுல நகம் மாட்ட ஆரம்பிச்சுதுன்னா, கழுவின பிறகும் கோட்டுக்குள்ள கறுப்பு தெரிஞ்சுதுன்னா அன்னைக்கே மாத்திடுங்க, கறிக்கு உபயோகிக்கிறதுன்னா யோசிக்கவே வேண்டாம். மரத்துல மேலோட்டமான கறுப்பு புள்ளி உப்புத்தாளுக்குப் போயிடும். தேய்ச்ச பிறகும் உள்ள இருந்து கறுப்பு வந்துக்கிட்டே இருந்தா, ஒட்டு பிரிஞ்சா, கத்தி முனை உள்ள போற அளவுக்கு விரிசல் விட்டா, அது சமையலறையை விட்டு வெளியே போயிடணும். நான் அந்த மூங்கில் போர்டை செடித்தொட்டிக்கு அடியில வச்சுட்டேன்.